இன்னும் உரக்க

மார்ச் 3, செவ்வாய்
காலை மணி 9.10

அக்கா,

நிரலுக்கு நான் எழுதிய திருத்தம், என் பேட்ச், உன்னிடம் வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். மொத்தம் 1,412 வரி. அதில் நீ ரிவ்யூ செய்தது பூஜ்ஜியம்.

நலம் விசாரிப்பையெல்லாம் அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது ‘உரக்க’வின் ரிலீஸ் பொறுப்பாளருக்கு. ரிலீஸ் சமாசாரம் எதுவானாலும் எழுத்தில்தான் வர வேண்டும், போனில் பேசக் கூடாது என்பது நீ போட்ட விதி. ஆகையால் எழுதுகிறேன். போனில் என்றால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன் உன் நூலகத்துக்கு வரும் பார்வையில்லாத வாசகர்களுக்காக இதை ஆரம்பித்தாய். திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் நிரல். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம் என்று முதல் பக்கத்தில் நீயே எழுதி வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே ‘அனுப்பிய பிறகு தூங்கப் போகலாம்’ என்றும் சேர்த்துவிடு.

ஹலோ அண்ணன் விஷயம் உனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பதால் மறுபடி சொல்கிறேன். பார்வையில்லாமலே பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி டெலிபோன் சுவிட்ச்போர்டில் இருக்கிறார். வருகிற 16ஆம் தேதி திங்கட்கிழமை அங்கே பழைய பட்டன் பலகையைக் கழற்றிவிட்டுக் கணினித் திரை வைக்கிறார்கள். பயிற்சிக்கு அவரை உட்கார வைத்தார்கள், நானும் போயிருந்தேன். அந்தத் திரையில் ஒவ்வொரு டாக்டர் பெயரையும் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டம் முழுக்கச் சிறுகோடுகள். நம் நிரல் ஒன்றையும் விடாமல் படிக்கிறது. சிறுகோடு, சிறுகோடு, சிறுகோடு, சிறுகோடு. எதிர்முனையில் கூப்பிட்டவர் போனை வைத்த பிறகும் படிக்கிறது.

“டாக்டர் எந்த ரூம்ல இருக்கார்னு இது சொல்றதுக்குள்ள பேஷண்ட் குணமாகி வீட்டுக்கே போயிடுவான்டா” என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. “சரிப்படலைன்னா ரெக்கார்டு ரூமுக்கு மாத்திக்கலாம் சார், சம்பளம் குறையாது” என்றார். பார்வையில்லாத மனிதனுக்குக் காகித அறை. கையைக் கட்டிக்கொண்டு ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உன் ரிலீஸ் தேதி மார்ச் 30. அவருக்கு வேண்டியது 16. என் பேட்சை எடுத்துக்கொள், ரிலீஸை முன்னால் தள்ளு. முடியாது என்றால் முடியாது என்றாவது எழுது.

தம்பி

*

மார்ச் 5, வியாழன்

டேய் அவசரம்,

வீட்டில் உனக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்பதை நீ அடிக்கடி நிரூபிக்கிறாய். நன்றி.

முடியாது. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். காரணத்தையும் கேள்.

போன வருடம் ஒரு தேர்வுக் கூடத்தில் இருபத்தேழு பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் கேள்வியில் ‘உரக்க’ ஊமையாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சின்னப் பேட்ச், சின்னதுதானே என்று எல்லோரும் சொல்லி, ரிவ்யூ இல்லாமல் உள்ளே போயிருந்தது. அந்தப் பெற்றோர் எல்லோருக்கும் போனில் பதில் சொன்னவள் நான். நீ அப்போது வேறெதையோ சரிசெய்துகொண்டிருந்தாய். அதன் பிறகுதான் ரிலீஸுக்கு ஒரு மாதம் முன்பே ஃப்ரீஸ் என்று வைத்தோம். பழுது நீக்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. மார்ச் 1 முதல் ஃப்ரீஸ்.

இரண்டாவது, உன் பேட்ச். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் படிக்கச் சொல்ல முப்பது வரி போதும். நீ எதை எப்போது படிப்பது என்று தீர்மானிக்கும் குரல் வரிசை முழுவதையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டியிருக்கிறாய். குழாய் சொட்டுகிறது என்று உன்னைக் கூப்பிட்டால், சமையலறையை இடித்துவிட்டுத் தூசியோடு நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். அந்த முப்பது வரியை மட்டும் தனியாக வெட்டி அனுப்பு என்று பிப்ரவரியிலேயே சொன்னேன்.

மூன்றாவது, நம் வழக்கம். ஒரு பேட்சுக்கு இரண்டு பேர் ஒப்புப் போட வேண்டும். ஒப்புப் போடுகிறவர் திரையை அணைத்துவிட்டு, முழுப் பேட்சையும் காதால் கேட்ட பிறகே போட வேண்டும். நம்மை நம்பி இருப்பவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படி. இது சடங்கு என்று நீ கேலி செய்வாய், தெரியும். 1,412 வரியைக் காதால் கேட்க எனக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஆறு மணி வரை நூலகம். வந்தால் அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, வேளைக்கு மூன்று வகை, நடுவில் பத்துப் பத்து நிமிட இடைவெளி. மிச்ச நேரத்தில் உன்னைப் போல இன்னும் பதினான்கு பேர் அனுப்பியவை. எட்டு மணி நேரத்தை எங்கே வாங்கிவரட்டும், சொல்.

ஹலோவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று மட்டும் நினைக்காதே.

அக்கா

*

மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் கூடியது.

ஃப்ரீஸ் மார்ச் 1இல். நான் அனுப்பியது ஜனவரி 21இல். கடை திறந்திருக்கும்போது வந்து நின்றவனை நிற்க வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, கடை சாத்தியாச்சே தம்பி என்கிறாய்.

வெட்டித் தர மாட்டேன். குரல் வரிசைதான் கோளாறே. கோளாறு உள்ளே இருக்கும்போது மேலே மேலே பூசிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அதனால் செய்துவிட்டேன். நேற்று மாலை நம் நிரலை அப்படியே நகலெடுத்து, என் பேட்சைப் போட்டு, தனிப் பெயரில் வெளியிட்டேன். ‘இன்னும் உரக்க’. உரிமம் அனுமதிக்கிறது, நீ எழுதிய உரிமம்தான். எல்லோரும் படிக்கிற மடல் குழுவிலும் காரணத்தை எழுதியிருக்கிறேன். நீ பார்த்திருப்பாய்.

விதியை மீறினேன் என்று நீ சொல்லக் கூடாது என்பதற்காக உன் சடங்கையும் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஹலோ அண்ணன் வீட்டுக்குப் போய், திரையை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். முழு 1,412 வரி. அதற்குப் பிறகு நீ எழுதி வைத்திருக்கிற பழைய சோதனைப் பட்டியல். அது ‘சரி’, ‘தப்பு’ என்றுகூடச் சொல்லாது. ‘எதிர்பார்த்தது இது, வந்தது இது’ என்று ஒப்பிக்கும், கேட்கிறவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதையும் ஒன்றுவிடாமல் கேட்டோம். எதிர்பார்த்ததும் வந்ததும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. “எத்தனை வருஷம் ஆச்சு இப்படி வழவழன்னு கேட்டு” என்றார் அண்ணன்.

எட்டு மணி நேரம் ஆகும் என்றாய். எங்களுக்கு ஐந்தேகால். எங்கே வாங்கினோம் என்று கேட்காதே.

தம்பி

*

மார்ச் 10, செவ்வாய்

தம்பி,

மடல் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன். ‘கதவைப் பூட்டிவிட்டு வாசலில் படுத்திருப்பவர்’ என்று என்னைச் சொல்லியிருக்கிறாய். நல்ல வாக்கியம். நூலகத்தில் மூன்று பேர் என்னிடம் காட்டினார்கள். அம்மாவுக்கும் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். “ஏன்டி அவனை வெளிய நிறுத்தின?” என்று என்னைக் கேட்கிறாள்.

உன் வெளியீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது என்னுடையது இல்லை.

ஆனாலும் உன் பேட்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். தினமும் அரை மணி. 380ஆம் வரிக்குப் பக்கத்தில் ஏதோ உறுத்துகிறது. எண்களை நீ எப்படிக் கையாளுகிறாய் என்று புரியவில்லை. இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் எந்த வெர்ஷனை வைத்துக் கேட்டீர்கள்? பழையதா, உன்னுடையதா? இதற்கு மட்டும் பதில் போடு.

அக்கா

*

மார்ச் 13, வெள்ளி

தம்பி,

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எந்த வெர்ஷன்?

அக்கா

*

மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

என்னுடையது. என் வெர்ஷனை வைத்துத்தான் கேட்டோம். பழையதில் கேட்டால் சிறுகோடு சிறுகோடு என்று உயிரை வாங்கும் என்று புதியதைப் போட்டேன். உன் கேள்வி குதர்க்கம் என்று நினைத்தேன். பதில் எழுத வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் விட்டேன்.

நேற்று நடந்தது இது. ஆஸ்பத்திரியின் புதுத் திரையில் ஓடியது ‘இன்னும் உரக்க’. மத்தியானம் இரண்டு இருபது. கை முறிந்த ஒரு குழந்தையை அறுவை மேசையில் படுக்க வைத்தாயிற்று. மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்கள். டாக்டர்கள் எந்த அறையில் என்பது தினமும் மாறும், திரையைக் கேட்டால்தான் தெரியும். அண்ணன் கேட்டார். அறை எண் மூன்று என்றது. மூன்றைக் கூப்பிட்டார். அது சலவை அறை.

“டாக்டரைக் குடுங்க.”

“எந்த டாக்டர்? இங்க நானும் நாப்பது பெட்ஷீட்டும்தான் இருக்கோம்.”

“மயக்க டாக்டர் மூணாம் நம்பர்ல இருக்கார்னு திரை சொல்லுது.”

“திரைக்கே மயக்கம் போல இருக்கு. வைங்க சார்.”

மறுபடி திரையைக் கேட்டார். மூன்று. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை அந்தச் சலவைக்காரரே வேலையைப் போட்டுவிட்டு மாடியேறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, டாக்டரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். டாக்டர் இருந்தது முப்பத்துமூன்றில். குழந்தை நன்றாக இருக்கிறது. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

நான் போய்த் திரையைப் பார்த்தேன். மூன்று என்ற இலக்கம் இரண்டு தடவை, பக்கத்துப் பக்கத்தில். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரே எழுத்து திரும்ப வந்தால் ஒரு தடவை படி என்று எழுதினேன். எண்ணும் எழுத்துதான் என்பதை யோசிக்கவில்லை. முப்பத்துமூன்றை ‘மூன்று மூன்று’ என்று படிக்க வேண்டிய நிரல் ‘மூன்று’ என்று படித்து நிறுத்திக்கொண்டது.

சோதனைப் பட்டியலில் இந்த எண் இருக்கிறது, அக்கா. ஏழு வருடத்துக்கு முன் நீ எழுதியது. ‘எதிர்பார்த்தது 33, வந்தது 3’ என்று அது ஒழுங்காகக் காட்டித்தான் இருக்கிறது. அதைப் படித்துச் சொன்னது யார்? என் நிரல். எதிர்பார்த்ததும் மூன்று, வந்ததும் மூன்று என்று இரண்டையும் ஒன்றாக்கிப் படித்தது. பிழையே உட்கார்ந்து தனக்குத் தானே சாட்சி சொல்லியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் திரையை அணைத்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறோம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உன் சடங்கை மதித்தேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன்.

என் வெளியீட்டில் எண்களைத் தனியாகப் பிரித்துச் சரிசெய்துவிட்டேன், பத்து நிமிட வேலை. ஆனால் ஆஸ்பத்திரி இனி அதைத் தொடாது. “தம்பி வீட்டுல உட்கார்ந்து செஞ்சதெல்லாம் இங்க வேண்டாம், முறையா வெளியிட்டது இருந்தா கொண்டு வாங்க” என்றார் கண்காணிப்பாளர். வெள்ளி காலை பத்து மணிக்குச் சோதனை. தேறாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ரெக்கார்டு ரூம். உத்தரவு தட்டச்சாகி மேசையில் இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும்.

அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “ரெண்டு பேரும் சேர்ந்துதானடா கேட்டோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் நான் அடங்கிவிட்டேன் என்று நினைக்காதே. பத்தாம் தேதியே உனக்கு உறுத்தியிருக்கிறது. நான்தான் பதில் போடாத திமிர் பிடித்தவன், சரி. ஹலோ அண்ணன் நம்பர் உன் போனில் இல்லையா? ‘அது என்னுடையது இல்லை’ என்று எழுதினாயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாருடையவர்?

உன் ரிலீஸ் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

தம்பி

*

மார்ச் 18, புதன்

தம்பி,

13ஆம் தேதி உனக்கு அந்த ஒரு வரியை அனுப்பிய பிறகு போனைக் கையில் எடுத்தேன். ஹலோவின் பெயர் வரைக்கும் வந்தேன். அவன் வெளியீடு, அவன் பாடு என்று கீழே வைத்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதிவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி என்னைப் பேச வைக்காதே.

இன்று காலை கூப்பிட்டேன். விதியை நானே மீறி, போனில். “என்னம்மா, அக்காவும் தம்பியும் சேந்து என்னைச் சலவைக்குப் போட்டுட்டீங்க” என்றார். நான் சிரித்து முடித்துப் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி வேலை.

ஃப்ரீஸில் பழுதுநீக்கம் மட்டும் என்பது விதி. உன்னுடையதைப் புதுச் சேர்க்கை என்று நான் வகைப்படுத்தினேன். நேற்று மாலை அந்த மாதிரித் திரை ஒன்றைச் செய்து, பழைய ‘உரக்க’வை ஓடவிட்டு, முழுக்கக் கேட்டேன். நானூற்றுச் சொச்சம் சிறுகோடு. பக்கத்து அறையிலிருந்து அம்மா, “யாருடி அது, அடி வாங்குற மாதிரி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு?” என்றாள். அது பழுதுதான். வகைப்படுத்தியது என் தப்பு. மற்றதில் என் தப்பு எதுவும் இல்லை. 1,412 வரியை இன்றைக்கும் உள்ளே விட மாட்டேன்.

சிறுகோட்டை மட்டும் வெட்டி அனுப்பு. எண்ணைத் தொடாதே. எழுத்தையும் தொடாதே, இரட்டை எழுத்து வரும் பெயர்கள் உண்டு. கோடு, புள்ளி, நட்சத்திரம், அவ்வளவுதான். நாளை மத்தியானத்துக்குள் வந்தால், நூலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன், கேட்டு ஒப்புப் போடுகிறேன். இரண்டாவது ஒப்பு ஹலோ. இரண்டு பேருமே பழைய வெர்ஷனில்தான் கேட்போம். ஏழு வருடமாக எல்லோரும் பழைய வாயைக்கொண்டுதான் புதிய பேட்சைப் படிக்க வைத்தோம். எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிய வாயையே கூப்பிட்டு, நீ எப்படி என்று கேட்ட முதல் ஆள் நீ.

வாசலில் படுத்திருப்பவள் விஷயம். அந்த வரியை எடுக்கச் சொல்ல மாட்டேன். பொதுவில் எழுதியது பொதுவிலேயே இருக்கட்டும்.

மத்தியானம் என்றால் பன்னிரண்டு. உன் மத்தியானம் இல்லை.

அக்கா

*

மார்ச் 20, வெள்ளி
காலை மணி 11.25

அக்கா,

முப்பத்துநான்கு வரி. இரண்டு ஒப்பு. ஒரு ரிலீஸ். நேற்று நான் 11.52க்கே அனுப்பியதை நீ கவனித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்காணிப்பாளர் கையில் ஒரு பேப்பர், அதில் பத்து இணைப்பு. பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டுமென்றே முப்பத்துமூன்றில் ஆரம்பித்தார். ‘மூன்று மூன்று’ என்றது. நாற்பத்துநான்கு. நூறு. ஏழு. பதினொன்று. அண்ணன் விரல் திரைக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்கிறது, பார்த்திருக்க வேண்டும் நீ. பத்தும் முடிந்தது. “சரி” என்றார் கண்காணிப்பாளர். அவ்வளவுதான், ஒரு சரி. அந்த உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு அண்ணன் தானாக இன்னொன்று போட்டார். மூன்று.

“சார், இந்தத் தடவை நெஜமாவே எங்களைத்தானா?”

“உங்களைத்தான். சும்மா தேங்க்ஸ் சொல்லக் கூப்பிட்டேன்.”

“அப்ப ஒரு டாக்டர் கோட்டு எடுத்து வெக்கறேன், அடுத்த தடவை நானே வந்துடறேன்.”

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. உன்னிடம் கேட்கப் போவதில்லை. நீ சொன்னபடி பிப்ரவரியிலேயே முப்பத்துநான்கு வரியாக அனுப்பியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அனுப்பியிருந்தாலும் நீ ஃப்ரீஸுக்கு முன் பார்த்திருப்பாய் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதை நீ ஒத்துக்கொள். ஒரே ஆள் பூட்டாகவும் சாவியாகவும் இருக்கிற இடத்தில் இது மறுபடி நடக்கும். அடுத்த தடவை சலவைக்காரர் மாடியேற மாட்டார்.

ஆகவே இனி நான் செய்யப் போவது:

1. ‘இன்னும் உரக்க’வை மூட மாட்டேன். வந்த பேட்சுக்குப் பதினான்கு நாளில் ஏதாவது ஒரு பதில், ‘முடியாது’ என்றாலும் பதில், என்று நீ விதி எழுதும் நாளில் மூடுகிறேன். அதுவரை அது திறந்தே கிடக்கும். யாரும் எடுத்து நம்பிவிடாதபடி முதல் பக்கத்தில் 33 கதையை எழுதி வைப்பேன்.

2. மடல் குழுவில் உன்னைப் பற்றி எழுதிய வரி அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே, என் பேட்ச் என்ன செய்தது, எத்தனை மணிக்குச் செய்தது என்று எழுதுவேன். இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

3. காதால் கேட்கும் வழக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நானே முறைப்படி அனுப்புவேன்: பழைய வெர்ஷனில் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு பார்வையுள்ள ஒருவர் ஒரு தடவை கண்ணாலும் பார்க்க வேண்டும். நீ எதிர்த்தால் எதிர்த்து எழுது. சண்டை போடுவேன்.

4. மிச்சமுள்ள 1,378 வரியை ஒன்பது துண்டாக வெட்டுகிறேன். வெட்ட முடியாது என்று சொன்னவன்தான். வெட்டுவேன். ஃப்ரீஸ் விலகிய மறுநாளிலிருந்து வாரம் ஒரு துண்டு உன் வாசலுக்கு வரும். குரல் வரிசை கோளாறுதான் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

5. ரிவ்யூ செய்ய எனக்கும் அனுமதி கொடு. வாரம் மூன்று பேட்ச் நான் கேட்கிறேன், திரையை அணைத்துவிட்டு. பதினான்கு பேர் வரிசையில் நிற்கும்போது நான் வெளியே நின்று கத்துவதில் அர்த்தம் இல்லை. கொடுக்காவிட்டாலும் கேட்பேன், ஒப்புப் போடாமல் குறை மட்டும் எழுதி அனுப்புவேன். அது உனக்கு இன்னும் தலைவலி.

6. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் சொட்டு மருந்து அன்றைக்கு என் பொறுப்பு, மூன்று வகையும், பத்துப் பத்து நிமிடமும். முதல் துண்டு கையோடு வரும். ஃப்ரீஸ் என்று சொல்லாதே, உள்ளே விடச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன். திரையை அணைத்து வை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் முதல் வரியிலிருந்து கேட்பேன். பாதியில் எழுந்து போக மாட்டேன். நீயும் போகக் கூடாது.

தம்பி